ஓட்டையை ஏன் இப்போதே அடைக்கவில்லை

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போனது மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கிணறு நிறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் ரெண்டு தடவை படித்தேன்.

சரோஜா விஷயத்துக்கு வருகிறேன். "இதயத்தில் ஓட்டை என்று தெரிந்துவிட்டதே, அடைத்துவிட வேண்டியதுதானே, எதற்கு இழுத்தடிக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். நானும் டாக்டரம்மாவிடம் இதையேதான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. அவர் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே பிறவியிலேயே ஓட்டை. இடப்பக்கத்து ரத்தம் அது வழியாக வலப்பக்கம் வழிந்து, திரும்பவும் நுரையீரலுக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. 51 வருஷமாக! கைத்தமனி 120க்கு 80 என்ற அழுத்தத்தில் வேலை செய்கிறது. நுரையீரல் தமனிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. சராசரியாக 14 இருந்தால் போதும், 20ஐத் தாண்டினாலே நோய். தொடைவழியாகக் குழாய் விட்டு அளந்ததில் சரோஜாவுக்கு 48. இந்த ஓட்டை இருக்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லையாம். இவளுக்கு ஆகிவிட்டது.

உன் தோட்டத்துப் பச்சை ஹோஸ் ஞாபகம் இருக்கிறதா? புதிதில் மோட்டார் போட்டதும் லேசாக உப்பும், அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு தண்ணீரைச் சீராக விடும். நாலு கோடை காய்ந்த பிறகு விறைத்துப்போய், சுவிட்சைப் போட்டதுமே கிளிப்பைப் பிய்த்துக்கொண்டு அடித்ததே. நுரையீரல் தமனியும் ஒவ்வொரு துடிப்புக்கும் உப்பி அடங்க வேண்டியது. அந்த நெகிழ்வு போனால், அடி மொத்தமும் முன்னால் இருக்கிற நுண்ணிய குழாய்களிலும் பின்னால் இருக்கிற வலது கீழறையிலும் விழுகிறது.

ஆனால் ஹோஸ் காய்ந்து விறைத்தது. தமனி உயிருள்ளது, அது வளர்ந்து விறைக்கிறது. அழுத்தம் ஏற ஏறச் சுவரில் உள்ள தசைச் செல்கள் பெருகுகின்றன, கொலாஜன் என்ற நாரைப் பின்னிக்கொண்டே போகின்றன. ரப்பர் போல இழுபடும் எலாஸ்டின் நாரோ சின்ன வயதில் உண்டானதுதான், சிதைந்தால் பழையபடி வருவதில்லை. இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. இந்தச் செல்களை மெத்தென்ற ஜெல்லில் வளர்த்தால் சும்மா கிடக்கின்றன, கெட்டியான ஜெல்லில் வளர்த்தால் பெருக ஆரம்பிக்கின்றன. அதாவது விறைப்பே இன்னும் விறைப்பைக் கொண்டுவருகிறது. முப்பது வருஷம் பௌதிகம் நடத்தியும் ஒரு செல்லுக்குத் தன் காலடித் தரை கெட்டியா மெத்தா என்று தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

எக்கோ எடுக்கும்போது நானும் உள்ளே நின்றேன். இடது கீழறை திரையில் வட்டமாகத் தெரிய வேண்டுமாம். இவளுக்கு வலப்பக்கம் நெருக்குவதில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பக்கம் தட்டையாகி, பாதி நிலா போல ஆகி ஆகித் திரும்பியது. வலது கீழறையின் சுவர் சாதாரணமாக 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுதான் இந்தச் சுமையை இழுக்கிறது.

இப்போது உன் கேள்விக்குப் பதில். குழாய் இவ்வளவு விறைத்த நிலையில் அந்த ஓட்டைதான் வடிகால். அதை மூடிவிட்டால், அழுத்தம் எகிறும்போது வலப்பக்கத்துக்குப் போக்கிடம் இல்லை, இதயம் தளர்ந்துவிடும். அதனால் முதலில் மருந்து. சித்திரையில் மறுபடியும் குழாய் விட்டு அளப்பார்கள். ரத்த ஓட்டத்துக்கு நுரையீரல் குழாய்கள் காட்டும் எதிர்ப்பு போதுமான அளவு இறங்கியிருந்தால்தான் அடைப்பது பற்றிப் பேச்சு.

இரண்டு வருஷம் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்துக்கொண்டே இருந்தார் முன்பு பார்த்த டாக்டர். ஒரு எக்கோ எடுக்கச் சொல்லவில்லை. நானாவது கேட்டிருக்கலாம், மாரி.

மருந்து சில்டெனாஃபிலும் போசென்டானும். முதல் பெயரைச் சொன்னதும் மருந்துக்கடைப் பையன் ஒரு மாதிரி சிரித்திருக்கிறான், மருமகன் முகம் சுண்டி வந்தான். ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான், நுரையீரல் தமனியின் தசையையும் தளர்த்தும். இப்போது நானே போய் வாங்குகிறேன். சுவர் தடிப்பதையே குறிவைக்கும் சோட்டாடெர்செப்ட் என்ற ஊசிக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நமக்கு எட்டும் விலையில் வரட்டும்.

மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்று வாசலில் கோலம் போட்டாள், சின்னதுதான், நடுவில் ஒரு தடவை படியில் உட்கார்ந்தாள். மழை விட்டதும் உன் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வரப்பில் நடக்க வைக்க முடியாது. கிணற்றடி வரைக்கும் ஆட்டோ வருமா என்று எழுது.

அன்புடன்,
சுந்தரம்