சத்தியப் பிரமாணமும் உண்மை சொல்லும் கடமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுள் நம்பிக்கை போய்விட்டால் உண்மைக்கும் ஒழுக்கத்துக்கும் பிடிமானம் இருக்காது, ஆளுக்கொரு உண்மை, ஆளுக்கொரு நியாயம் என்றாகிவிடும் என்று சென்ற இதழின் கட்டுரை சொல்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்பவரின் சொல்லை எதை வைத்து ஏற்பது என்ற வடிவில் நீதிமன்றங்கள் இதே கேள்வியைப் பல நூற்றாண்டுகளாகச் சந்தித்து வந்திருக்கின்றன. அங்கே கிடைத்த விடை கட்டுரையின் முடிவுக்கு நேர் எதிரானது.

கிறிஸ்தவர் அல்லாதவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்ற கருத்து ஒருகாலத்தில் இங்கிலாந்தில் இருந்தது. கல்கத்தாவில் பிராமணரின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்து இந்துக்கள் அளித்த சாட்சியம் செல்லும் என்று 1744-ல் ஓமிசந்த் எதிர் பார்க்கர் வழக்கில் தீர்ப்பானது. பொய் சொன்னால் தண்டிக்கும் ஒரு கடவுளை அவர்களும் நம்புகிறார்கள் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எந்தக் கடவுளையும் நம்பாதவருக்குக் கதவு மூடியே இருந்தது.

இந்த ஏற்பாடு எங்கே பழுதானது என்பதை 1861-ல் நடந்த மேடன் எதிர் கேட்டனாக் வழக்கில் பார்க்கலாம். சாட்சி சொல்ல வந்த பெண்ணிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவருடைய நம்பிக்கையைப் பற்றிக் கேட்டார். தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று அவர் மறைக்காமல் சொன்னார். உடனே அவருடைய சாட்சியம் தள்ளப்பட்டது. ‘நம்புகிறேன்’ என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பார்கள். பொய் சொல்லத் துணிந்த நாத்திகரை உள்ளே விட்டு, உண்மை சொன்ன நாத்திகரை வெளியே நிறுத்துகிறது இந்த விதி என்று ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே சுட்டிக்காட்டியிருந்தார். 1869-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் நம்பிக்கையற்றவரும் கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்ல வழி செய்தது.

நம் நாட்டு அனுபவம் இன்னும் நெருக்கமானது. 1873-ஆம் ஆண்டு இந்தியப் பிரமாணச் சட்டத்தில் சிறப்புச் சத்தியம் என்ற ஏற்பாடு இருந்தது. ‘எதிராளி இன்ன கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன்’ என்று வழக்கின் ஒரு தரப்பு முன்வரலாம். எதிராளி சம்மதித்துச் சத்தியம் செய்துவிட்டால், அவர் சொன்னது முன்வந்தவருக்கு எதிராக முடிவான சான்று. அதன்பின் ஆவணத்தைக் காட்டி அதை உடைக்க முடியாது. கடவுளுக்கு அஞ்சாதவருக்கு இது எவ்வளவு வசதி என்று எண்ணிப் பாருங்கள். பக்தியுள்ள எத்தனையோ பேர் உண்மையான விஷயத்துக்குக்கூடக் கோயிலில் சத்தியம் செய்ய அஞ்சுவார்கள். தயங்குபவர் தோற்பார், துணிந்தவர் ஜெயிப்பார். உண்மையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை முழுவதுமாக நம்பிக்கையிடம் ஒப்படைத்தால் நம்பிக்கை உள்ளவரே முதலில் பாதிக்கப்படுகிறார். 1969-ஆம் ஆண்டு பிரமாணச் சட்டத்தில் இந்த ‘முடிவான சான்று’ ஏற்பாடு இல்லை.

இன்று நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பிரிவு 5-இன்படி சாட்சி பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி கூறலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 7-இன்படி பிரமாணம் விடுபட்டுப்போனாலும் சாட்சியம் செல்லாததாகிவிடாது. பிரிவு 8-இன்படி நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்கும் ஒவ்வொருவரும் உண்மை சொல்லக் கட்டுப்பட்டவர். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது பிரிவு 4-இல் குழந்தைகளைப் பற்றி இருக்கும் விலக்கு. 12 வயதுக்குட்பட்ட குழந்தை உண்மை பேச வேண்டிய கடமையைப் புரிந்துகொண்டிருந்து, பிரமாணம் என்றால் என்ன என்பது மட்டும் விளங்காத நிலையில் இருந்தால், பிரமாணம் இல்லாமலே அதன் சாட்சியத்தைப் பதிவு செய்யலாம். கடவுள், பாவம், தண்டனை எதுவும் விளங்காத வயதிலும் ‘நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்’ என்பது விளங்கும் என்று சட்டமே ஏற்கிறது. ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில் சாட்சி எட்டு வயதுச் சிறுமி. பிரமாணம் விடுபட்டது சாட்சியத்தின் நம்பகத்தன்மையைப் பற்றிய கேள்வியாகலாம், அதற்காகச் சாட்சியத்தையே தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, அந்தக் குழந்தை உண்மை பேசும் கடமையை உணர்ந்திருக்கிறதா என்பதை நீதிபதிகள் பதிவு செய்ய வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

கட்டுரை மூன்று கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறது. உண்மை என ஒன்று உண்டா, அதை எப்படி அறிவது, ஒருவர் அதை ஏன் சொல்ல வேண்டும். கிணறு எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்பது அளந்து பார்த்தால் தெரிவது. அளக்கும் சர்வேயர் ஆத்திகரானாலும் நாத்திகரானாலும் எல்லைக்கல் இருக்கும் இடம் மாறாது. முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை, ஆவண ஒப்பீடு ஆகியவை அறியும் வழிகள். இவற்றில் எதுவும் சாட்சியின் சமயத்தைச் சார்ந்ததல்ல. பிரமாணம் உதவுவது மூன்றாவது கேள்விக்கு மட்டும், அதுவும் ஒரு தூண்டுதலாக. அந்தத் தூண்டுதலின் வலிமையை நான் மறுக்கவில்லை. யாரும் பார்க்காத இடத்திலும் பொய் சொல்லக் கூடாது என்று ஒருவரை அவருடைய பக்தி தடுக்குமானால் அது மதிக்கத்தக்கதே. ஆனால் தூண்டுதல் வேறு, அடித்தளம் வேறு.

அடித்தளத்தைப் பற்றிக் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுப்பிய கேள்வி இன்னும் நிற்கிறது. கடவுள் விலக்கியதால் பொய்ச்சாட்சி தீமையா, தீமை என்பதால் கடவுள் விலக்கினாரா? முதலாவது என்றால், கட்டளை மாறினால் அப்பாவியைச் சிறைக்கு அனுப்புவதும் நன்மையாகிவிடும். எந்த பக்தரும் இதை ஏற்கமாட்டார். இரண்டாவது என்றால், அதன் தீமை பாதிக்கப்படுபவருக்கு நேரும் அநியாயத்திலேயே இருக்கிறது. கடவுளின் இயல்பே நன்மை என்று சிலர் பதில் சொல்வார்கள். அந்த இயல்பை நன்மை என்று எதை வைத்து அறிந்தோம் என்று கேட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறோம். இது நாத்திகர் மட்டும் பேசும் பேச்சல்ல. வேதத்தைத் தலைமேல் வைத்த மீமாம்சை என்ற தத்துவ மரபைச் சேர்ந்த குமாரில பட்டர் படைப்புக் கடவுளை மறுத்தார். தர்மம் உறுதியானது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. படைத்த கடவுள் ஒருவரை ஏற்காத சமணம் சத்தியத்தை ஐந்து விரதங்களில் ஒன்றாக வைத்தது.

பொய்ச்சாட்சி பெருகிவிட்டதே என்ற கட்டுரையாளரின் கவலை எனக்கும் உண்டு. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சி சொன்னால், குற்றங்களையும் தண்டனைகளையும் வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 229-இன்படி ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் பாதிக்கப்பட்டவர் தாமே நேரடியாக வழக்குப் போட முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215, 379 பிரிவுகளின்படி, நீதியின் நலனுக்கு அவசியம் என்று நீதிமன்றமே கருதி எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். மூல வழக்கை முடிப்பதே பெரும்பாடாக இருக்கும்போது இன்னொரு வழக்கைத் தொடங்கத் தயக்கம் வருகிறது. தீர்ப்பு சொல்லும்போதே சுருக்க விசாரணை நடத்தி மூன்று மாதம் வரை தண்டிக்க அதே நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 383 வழி தருகிறது. சாட்சி தெரிந்தே பொய் சொன்னார் என்று நீதிபதி தீர்ப்பிலேயே குறிப்பிட்டால்தான் அதைக் கையில் எடுக்க முடியும். அப்படிக் குறிப்பிடும்படி வாதத்தின்போதே எழுத்தில் கேளுங்கள் என்று கட்டுரையாளர் வழக்காடிகளுக்குச் சொல்லியிருந்தால், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியால் தோற்கும் ஏழைக்கு அது உதவியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
மதுரை