பழங்காசுச் செய்தியில் எடையும் நூல் எண்ணும் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்று மணலிலும் வயல்வெளியிலும் பழங்காசு கிடைத்தால் நாளிதழ்கள் அதைச் செய்தியாக்குவது வரவேற்கத்தக்கது. ஆனால் பல செய்திகளில் காசின் ஒரு பக்கப் படம் மட்டுமே வருகிறது. எடை, விட்டம் இருப்பதில்லை. எந்த நூலைப் பார்த்து இன்னார் காசு என்று முடிவு செய்தார்கள் என்பதும் இருப்பதில்லை. படத்துக்குப் படம் ஒத்துப் பார்த்துச் சொன்னதையே முடிவாக எடுத்துக்கொள்வதால் வரும் தவறுகள் கொஞ்சமல்ல.

ராஜராஜன் செப்புக்காசையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. சோழர் இலங்கையை வென்ற பிறகு இந்த வடிவம் அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. பின்னாளில் பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன் ஆகியோரும் இதே உருவங்களை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றிக் காசு வெளியிட்டனர். எல்லாமே ஏறக்குறைய 4 கிராம். எனவே உருவத்தை வைத்தும் பிரிக்க முடியாது, எடையை வைத்தும் பிரிக்க முடியாது. எழுத்து ஒன்றுதான் வழி.

அந்த எழுத்தையும் கடைசி வரை படிக்க வேண்டும். லீலாவதியின் காசில் இருப்பது 'ஸ்ரீ ராஜ லீலாவதி'. கீழ் வரி தேய்ந்திருந்தால் 'ஸ்ரீ ராஜ' வரை படித்துவிட்டு ராஜராஜன் என்று எழுதிவிடுகிறார்கள். ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. லீலாவதி முதலில் அரியணை ஏறியது 1197இல். ஒரு வரியைப் படிக்காமல் விட்டால் சுமார் இருநூறு ஆண்டுகள் தவறிப்போகின்றன. 'ரா', 'ஜ' என்ற இணை அப்படியே இரண்டாம் முறையும் வந்தால்தான் அது ராஜராஜன் காசு. இரண்டாவது இணை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தின் தலைக்கு மேல் ஈகாரக் குறி வளைந்திருந்தால், அது 'லீ'யாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் இது தெரியாது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கை மேசையோடு ஒட்டியபடி ஒரு பக்கமிருந்து அடித்து, காசைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றினால் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். புளி, எலுமிச்சை, சாம்பல் போட்டுத் தேய்த்த காசில் இந்த நிழலும் கிடைக்காது. பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். மண் நீங்கக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் நீவுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ரோமானிய வெள்ளிக்காசிலும் இதே சிக்கல்தான், மொழி மட்டும் லத்தீன். தென்னிந்தியப் புதையல்களில் அதிகம் வருபவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய ரோமப் பேரரசர்கள் இருவரின் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசுகள். தலையைச் சுற்றியுள்ள எழுத்தில் 'சீசர்' என்று கண்டதும் ஜூலியஸ் சீசர் என்பதும், 'அகஸ்டஸ்' என்று கண்டதும் அகஸ்டஸ் என்பதும் அடிக்கடி நடக்கிற தவறு. டைபீரியஸின் காசில் இவ்விரு சொற்களுமே உண்டு. தொடக்கத்தில் வரும் 'டி', 'ஐ' என்ற இரண்டு எழுத்துகள்தான் அவர் பெயரின் சுருக்கம். பின்பக்கத்தில் 'பொன்டிஃப் மாக்சிம்' (தலைமைப் பூசாரி) என்ற எழுத்தோடு நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். அகஸ்டஸ் காசின் பின்பக்கத்தில் காயஸ், லூசியஸ் என்ற இரு இளவரசர்கள் கேடயங்களோடு நிற்பார்கள்.

இந்தக் காசுகளுக்கு அடிப்படை நூல், காசு வகைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' வரிசையின் முதல் தொகுதி. அதில் எண்ணை மட்டும் குறித்தால் போதாது, பதிப்பையும் குறிக்க வேண்டும். 1923 பதிப்பில் டைபீரியஸின் இந்தக் காசு 3ஆம் எண். 1984 திருத்திய பதிப்பில் அதே காசு நாற்காலிக் கால்களின் வேலைப்பாட்டையும் அடிக்கோட்டையும் பொறுத்து 26, 28, 30 என்று பிரிகிறது. அகஸ்டஸின் இளவரசர் காசு பழைய பதிப்பில் 350, புதியதில் 207. பதிப்பு தெரியாத எண்ணை நம்பிப் போனால் வேறு காசில் போய் நிற்போம். புதிய எண்களை அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையத் தரவுத்தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

நூலில் இல்லாதவையும் உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரச முகத்தின் குறுக்கே வெட்டுத் தடம் இருக்கிறது. அது ரோம் அச்சுக்கூடத்தின் வேலையல்ல என்பதால் அந்த நூல்வரிசையில் தேடிப் பயனில்லை. இந்தியாவில் செய்யப்பட்ட போலச்செய்த காசுகளும் அப்படியே. அவற்றில் எழுத்து போலத் தெரியும் கோடுகள் எழுத்தாகவே இருக்காது. எடையைப் பாராமல் இவற்றைப் பற்றிப் பேசக் கூடாது. அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் தெனாரியஸ் பெரும்பாலும் மூன்றரை கிராமுக்குமேல் இருக்கும். 2.5 கிராம் காட்டினால் உள்ளே செம்பு வைத்து வெள்ளி பூசியதா என்று விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினால் அச்சில் வார்த்த பிற்காலப் போலி என்று சந்தேகிக்கலாம்.

பழைய நூல்களைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. 1886இல் வந்த வால்டர் எலியட்டின் தென்னிந்திய நாணய நூலும், 1924இல் வந்த கோட்ரிங்டனின் இலங்கை நாணய நூலும் இணையத்தில் கிடைக்கின்றன, இன்றும் பயன்படுகின்றன. பழைய ஆங்கில நூல்களில் எடை பெரும்பாலும் கிரெயினில் இருக்கும். ஒரு கிரெயின் 0.0648 கிராம். அதாவது 60 கிரெயின் என்றால் 3.89 கிராம். அதைக் குன்றிமணி என்று தமிழாக்கினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். எந்தக் காசு யாருடையது என்ற தீர்ப்புகளும் மாறியிருக்கின்றன. 'சேது' என்று தமிழில் பொறித்த காசுகள் ஒரு காலத்தில் இராமநாதபுரம் சேதுபதிகளுடையவை என்று கருதப்பட்டன. இன்று அவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையவை என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. சங்க காலக் காசுகளுக்குப் பழைய நூல்கள் போதவே போதா. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசு படிக்கப்பட்டதே 1980களில்தான். அதற்கு இரா. கிருஷ்ணமூர்த்தியின் 1997ஆம் ஆண்டு ஆங்கில நூலைத்தான் திறக்க வேண்டும்.

மாவட்ட மைய நூலகங்களின் குறிப்புதவிப் பிரிவில் இந்நூல்கள் ஒவ்வொரு படியாவது இருக்க வேண்டும். கூடவே 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசும், காசைக் கீறாத பிளாஸ்டிக் அளவியும் வைத்தால் மாணவர்கள் அங்கேயே சரிபார்த்துக்கொள்வார்கள். நாளிதழ்களிடம் கேட்பது இன்னும் சிறியது. இரண்டு பக்கப் படமும், பக்கத்தில் மில்லிமீட்டர் கோலும், கீழே இப்படி ஒரு வரியும் போதும்: 'வெள்ளி, 3.70 கிராம், 18 மி.மீ., டைபீரியஸ், ரோமன் இம்பீரியல் காயினேஜ் முதல் தொகுதி, 1984 பதிப்பு, எண் 30.'

இப்படிக்கு,
நாணயவியல் ஆர்வலர் ஒருவர்,
கரூர்.