தராசை மாற்றுங்கள், காரணத்தைக் கேளுங்கள்

எங்கள் பகுதி அங்கன்வாடிகளைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் மையத்துத் தராசு பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டீச்சர் எழுதிக் கேட்டுவிட்டார். குழந்தையைத் தொங்கவிடுவதற்கு முன்பே முள் அரைக் கிலோவில் நிற்கிறது. ஆகவே முதல் கோரிக்கையை இங்கேயே வைத்துவிடுகிறேன்: தராசை மாற்றித் தாருங்கள்.

என் பேத்தி ஐந்தாம் மாதத்தில் 5.8 கிலோ. அப்போது தராசு ஒழுங்காக இருந்தது. ஏழாம் மாதம் 6.3 என்று அட்டையில் ஏற்றினார்கள். புள்ளி பச்சைப் பட்டையில் விழுந்தது, சரி என்றார்கள். தூக்குகிற கைக்குத் தெரியாதா? இடுப்பில் வைத்தால் கனமே இல்லை. தொடைச் சதை வற்றித் தோல் மடிந்து கிடந்தது. காரைக்குடியில் ஒரு குழந்தை டாக்டரிடம் கொண்டுபோனோம். அங்கே எடை அதே 5.8. இரண்டு மாதம் பிள்ளை ஏறவே இல்லை.

டாக்டர் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். கிருமித் தொற்று. கைக்குழந்தைக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் இது இருக்கலாம், எடை நின்றுபோவதுதான் வெளியே தெரியும் அடையாளமாக இருக்கலாம் என்றார். அதுவரை என் மருமகள் கேட்ட பேச்சு கொஞ்சமா? "உனக்குப் பால் பத்தலை", "நீ ஒழுங்காச் சாப்பிட்டாத்தானே". பெற்றவள் அழுதுகொண்டேதான் பால் கொடுத்தாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை.

எடை ஏறாததற்குக் காரணம் ஒன்றா இரண்டா? குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாமல் இருக்கலாம். டப்பாப் பாலில் தண்ணீர் கூடியிருக்கலாம். ஆறு மாதம் தாண்டியும் வெறும் கஞ்சித் தண்ணியே போயிருக்கலாம். அடிக்கடி வயிற்றுப்போக்கு இருக்கலாம். பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து மூச்சு வாங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சத்துமாவுப் பொட்டலத்தையே நீட்டினால் எப்படி? சத்துமாவு நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. நோயை அது தீர்க்காது.

டீச்சர் மீதும் எனக்கு வருத்தமில்லை. பாடம், எடை, பதிவேடு, போனில் ஏற்றுவது எல்லாம் அந்த ஒருத்தி தலையில். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். காப்பாற்றட்டும். அந்த வீதிகளுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒரு நல்ல தராசு கேட்டால் ஏன் இத்தனை தாமதம்? 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இது. இன்னுமா தராசுக்குக் கடிதம் எழுத வேண்டும்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். அடுத்த எடை போடும் நாளுக்குள் சரியான தராசு வரவேண்டும். ஒரு மாதம் எடை ஏறாவிட்டாலே, தாயைத் திட்டாமல் காரணத்தை விசாரித்து, டாக்டரிடம் காட்டச் சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். அப்புறம், அந்தச் சீட்டோடு போன பிள்ளை என்ன ஆனது என்று யாராவது வீட்டுக்கு வந்து கேட்கவேண்டும். தயவுசெய்து இதற்கு உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அப்பத்தா