பனிப்புயலைக் கொஞ்சம் ஒதுக்கி வை

மயூர் விஹார், தில்லி

அன்புள்ள கோபாலா,

நலம். வீட்டில் எல்லாரும் நலம். பதில் போடாமல் இத்தனை நாள் இருந்ததற்கு நீ திட்டியிருப்பாய், திட்டு. மூடுபனியில் ரயில்கள் எல்லாம் ஊர்கின்றன. பட்டாபி மாமா ஆக்ராவிலேயே மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் போன் போட்டு ‘கிரகம், கிரகம்’ என்கிறார். உனக்குத்தான் தெரியுமே.

விஷயத்துக்கு வருகிறேன். கனடாத் தமிழர்களுக்கான குளிர்கால எச்சரிக்கைத் துண்டறிக்கையை நீ தமிழில் தந்திருப்பது படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐஸ் ஸ்டார்ம், பிளிஸார்ட், ஸ்னோ ஸ்டார்ம் மூன்றுக்கும் ஒரே ‘பனிப்புயல்’ போட்டிருக்கிறாயே, படுபாவி! பிளிஸார்டுக்குப் போடு, பொருந்தும்: அமெரிக்கக் கணக்கில் காற்று மணிக்கு 56 கி.மீ.க்கு மேல், பார்வைத் தூரம் 400 மீட்டருக்குள், அதுவும் தொடர்ந்து மூன்று மணி நேரம். ஐஸ் ஸ்டார்முக்குக் காற்றே வேண்டாம். சத்தமில்லாமல் தூறல் போடும், அவ்வளவுதான். பனிப்புயல் என்று படித்தவர் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்து, ‘வெறும் மழைதானே’ என்று காரை எடுப்பார். முதல் திருப்பத்திலேயே வழுக்கும்.

நடப்பது இதுதான். மேலே மேகத்தில் பனித்துகளாகக் கிளம்புகிறது. நடுவில் பூஜ்யத்துக்கு மேற்பட்ட வெப்பக் காற்றடுக்கு ஒன்று வந்து அதை உருக்கிவிடுகிறது. தரையை ஒட்டி மெல்லிய குளிரடுக்கு. அதற்குள் மறுபடி உறைய நேரமில்லாமல், பூஜ்யத்துக்குக் கீழே போயும் துளி நீராகவே இறங்கி, கம்பி, கிளை, படிக்கட்டு எதைத் தொட்டாலும் அங்கேயே கண்ணாடி மாதிரி உறைகிறது. அதனால் இந்த மழைக்கு (ஃப்ரீஸிங் ரெயின்) என் ஓட்டு ‘உறைமழை’ என்ற சொல்லுக்கு. அது பெய்து பொருள்கள்மேல் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ., படிந்தால் அமெரிக்காவில் ஐஸ் ஸ்டார்ம் என்கிறார்கள். அதற்குத் தனிப் பெயர் தேடி மண்டையை உடைக்காதே. ‘கடும் உறைமழை’ போதும்.

குளிரடுக்கு தடிமனாக இருந்தால் துளி வழியிலேயே உறைந்து குருணையாக விழும். அதை நீ ‘ஆலங்கட்டி’ ஆக்கிவிட்டாய். ஆலங்கட்டி இடிமேகத்தில் பிறப்பது. இங்கே மார்ச்சில் விழுந்து கோதுமையைக் கெடுக்குமே, அது. ‘ஐஸ் குருணை’ என்று எழுது. ஸ்லீட் என்று வந்தால் இன்னும் உஷார்: அமெரிக்கக்காரனுக்கு அது இந்தக் குருணை, பிரிட்டிஷ்காரனுக்கு மழையும் பனியும் கலந்து விழுவது. மூலம் யார் எழுதியது என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

பிளாக் ஐஸுக்கு நீ போட்ட ‘கறுப்புப் பனி’யையும் அடித்துவிடு. ஐஸ் கறுப்பில்லை; அடியில் இருக்கும் தார் தெரிகிறது. ‘கண்ணுக்குத் தெரியாத ஐஸ்’ என்றால் கிழவிக்கும் புரியும். பாலங்களில் அது முதலில் பிடிக்கும், அடியிலும் குளிர்காற்று ஓடுவதால். இந்த வரியை நீ விட்டுவிட்டாய்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை, கோபாலா. 1998 ஜனவரியில் மொன்றியல் வட்டாரத்தில் சில இடங்களில் 100 மி.மீ. வரை உறைமழை, ஏறக்குறைய 1,000 மின்கோபுரங்களை ஐஸின் எடையே சாய்த்தது. சிலருக்கு வாரக்கணக்கில் மின்சாரமில்லை. 2013 டிசம்பரில் டொராண்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் மின்இணைப்புகள் போயின. மின்சாரம் போனதும் ஆட்கள் என்ன செய்வார்கள்? கராஜில் ஜெனரேட்டர், கூடத்தில் கரி அடுப்பு. இங்கே குளிர்காலம்தோறும் மூடிய அறையில் அங்கீட்டி என்கிற கரிச்சட்டியை வைத்துத் தூங்கிச் சாகிறார்களே, அதே கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது. ஜெனரேட்டர் வெளியே, கதவு ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி. அறுந்த மின்கம்பியிலிருந்து ஆட்கள் பத்து மீட்டர் தள்ளி. இவை இரண்டும் உன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கின்றன. முதல் பக்கத்துக்குக் கொண்டுவா. ஐஸை உருக்கத் தூவும் உப்பைப் பற்றியும் ஒரு வரி சேர்: மைனஸ் 10 வாக்கில் சாதாரண உப்பு சோர்ந்துவிடும், அப்போது மணல்தான் பிடிமானம்.

சொல்லோடு அளவும் சேர்த்துக் கொடு. இங்கே வானிலைத் துறையைப் பார்: சமவெளியில் குறைந்தபட்சம் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே போனால் குளிரலை, 2 டிகிரி என்றால் கடும் குளிரலை; பார்வை 50 மீட்டருக்குள் என்றால் மிக அடர்ந்த மூடுபனி. காஷ்மீரிகளோ குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்து நாள்கணக்கையே அளவாக வைத்துவிட்டார்கள்: கடுங்குளிரான சில்லை கலான் நாற்பது நாள், அடுத்து சில்லை குர்த் இருபது, கடைசியில் சில்லை பச்சா பத்து. நமக்கு முன்பனி, பின்பனியோடு சரி. ஊட்டிக்காரர்கள் புண்ணியத்தில் ‘உறைபனி’யாவது பேப்பரில் வருகிறது.

இன்னொன்று. படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத்துக்காரர்கள். அவர்கள் எழுதுவது ‘ரொறன்ரோ’. நீ ‘டொரண்டோ’, ‘டொராண்டோ’ என்று பக்கத்துக்கு ஒன்று போட்டிருக்கிறாய். அச்சுக்குப் போகுமுன் அவர்களில் யாரையாவது ஒருமுறை வாசிக்கச் சொல். திருத்திய படியை எனக்கும் அனுப்பு. சாந்தியின் சால்வையை வாங்கிவிட்டேன், விலையை அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
ராகவன்