மணப்பாட்டுச் சேக்காளிக்கு

பாளையங்கோட்டை

அன்புச் சேக்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மைனிக்கு முட்டுவலி குறைந்து, கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறார்கள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சென்னையில் மகள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வந்தேன். அங்கே சாப்பிட்ட ஒரு சாப்பாட்டைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும். கடற்கரைக்காரனுக்குத்தான் இது முழுசாகப் புரியும்.

மகள் ஒரு ஜப்பானிய ஓட்டலுக்குக் கூட்டிப் போனாள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனிகளுக்கு ஜப்பான்காரர்கள் வரத் தொடங்கியதிலிருந்து சென்னையில் இந்த மாதிரிக் கடைகளுக்கு நல்ல கிராக்கி. இது கொஞ்சம் பெரிய இடம். நீளமான மரப்பலகை, அந்தப் பக்கம் சமையல்காரர், இந்தப் பக்கம் நாம். உட்கார்ந்ததும் கை துடைக்கச் சூடான ஈரத்துண்டு தந்தார்கள். சுவரில் படம் கிடையாது, பாட்டுச் சத்தம் கிடையாது. ஆனால் கிண்ணம், கத்தி, பலகை ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்து வாங்கியது என்று தெரிந்தது.

முதலில் மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் ஒரு சூப்பு வந்தது. மூடியைத் திறந்தேன் பார், உங்கம்மா மாசிக் கருவாட்டை இடிக்கும்போது அடுக்களையிலிருந்து வருமே, அதே மணம்! சமையல்காரரிடம் கேட்டேன். உள்ளே போய் ஒரு கட்டை எடுத்து வந்து காட்டினார். மரத்துண்டுபோல இறுகிக் கிடந்தது. கட்சுவோபுஷி என்று பேர். சூரை வகை மீனை அவித்து, திரும்பத் திரும்பப் புகை காட்டி, காயவைத்து எடுப்பது. சிலவற்றில் பூஞ்சை வளரவிட்டு மாதக்கணக்கில் பக்குவப்படுத்துவார்களாம். பூஞ்சையைத் தவிர மற்றதெல்லாம் நம்ம மாசிதானே? நாம் இடிக்கிறோம், அவர்கள் இழைப்புளிபோல ஒன்றில் சீவுகிறார்கள். கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்த நீரைச் சூடாக்கி, சீவலைப் போட்டு, சற்று நேரத்தில் வடித்துவிட்டால் தெளிந்த சாறு. அவர்கள் சமையலில் பாதிக்கு அதுதான் அடி.

மகள் அதற்கு விஞ்ஞானமும் சொன்னாள். அந்தப் பாசியின் ருசிக்குக் குளுட்டமேட் காரணம் என்று 1908இல் இக்கேதா என்பவர் கண்டுபிடித்தார். அஜினோமோட்டோ பிறந்தது அதிலிருந்துதான். மீன்கட்டையில் உள்ளது வேறொரு பொருள். இரண்டும் சேரும்போது ருசி பல மடங்காகிறது. தேங்காயும் மிளகாயும் இல்லாமல் வெறும் நீரில் அவ்வளவு ருசி எப்படி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு சுஷி, அதாவது சோற்றுப் பிடியின்மேல் மீன் துண்டு. ஒவ்வொன்றாகப் பிடித்து நம் முன்னால் வைப்பார். கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம். அரிசி நம்ம அம்பை 16 மாதிரிக் குட்டை ரகம், ஆனால் ஒட்டும். வினிகரும் உப்பும் சர்க்கரையும் சேர்த்திருந்தது. மீன் பச்சைதான், வாடையே இல்லை. ஆனால் வள்ளத்திலிருந்து இறங்கிய மீனை நீ அப்படியே அறுத்து வாயில் போட்டுவிடாதே. கடல் மீனில் புழு இருக்கும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்த பிறகு பச்சையாகப் பரிமாறுவது அமெரிக்க விதி சொல்லும் ஒரு முறை. வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப முடியாது.

டெம்புரா என்று இறால் பொரியல் வந்தது. மாவு மெல்லிசு, எண்ணெய் குடிக்கவே இல்லை. அந்தப் பொரிக்கும் முறை போர்த்துக்கீசியர் வழியாக ஜப்பானுக்குப் போனது என்கிறார்கள். உடனே சவேரியார் தங்கிய உங்க ஊர்க் குகைதான் என் நினைவுக்கு வந்தது. 1542இல் நம்ம கரைக்கு வந்த அவர் 1549இல் ககோஷிமாவில் போய் இறங்கினார் அல்லவா? கட்சுவோபுஷிக்குப் பேர்போன மக்குராசாகி இருப்பதும் அதே ககோஷிமாவில்தான். சவேரியார் பேரிலுள்ள கல்லூரியில் படித்த நாம் இதைப் பேசாமல் யார் பேசுவது?

அங்கே அந்தக் கட்டைக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தபோது எனக்கு ஆதங்கமாக இருந்தது. நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மாசி தெரியும்? உன் மருமகளுக்கு மாசிச் சம்பலை மைனி சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் இந்த மாதமே சொல்லிக் கொடுக்கச் சொல்.

தூத்துக்குடிப் பக்கம் போனால் நல்ல மாசியாக அரைக்கிலோ வாங்கி வை. இடித்தது வேண்டாம், முழுசாக. தை பிறந்ததும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தச்சரிடம் ஓர் இழைப்புளிக்கும் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் சேக்காளி