பதுளை வீதியால் தனியே போனது பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ போட்ட சத்தத்தில் எனக்கு ஒழுங்காக மறுமொழி சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி. ஓம், புசல்லாவைக்குத் தனியாகத்தான் போனேன். சித்தி தானும் வருகிறேன் என்று கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

மலைநாடு எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அப்பாவோடும் உங்களோடும் வான் பிடித்து நுவரெலியா போயிருக்கிறேன். ஆனால் அந்தப் பயணங்களில் எனக்கு ஞாபகம் நிற்பதெல்லாம் யார் சத்தி எடுத்தது, யார் சுவெட்டரைத் தொலைத்தது, சோற்றுப் பார்சல் எல்லாருக்கும் காணுமா என்பதுதான். ஒரு வளைவில் இறங்கி நின்று பார்ப்போம் என்று நினைத்தால்கூட அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். இந்த முறை என்னை ஒருவரும் கூப்பிடவில்லை மகள். அது எவ்வளவு பெரிய விசயம் என்று உனக்கும் ஒருநாள் விளங்கும்.

நம் மட்டக்களப்புச் செங்கலடியில் பதுளை பஸ் ஏறினேன். கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று போய்ப் பதுளை, அங்கிருந்து வெலிமடை, நுவரெலியா, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை, கடைசியில் பேராதனை. எல்லாம் ஒரே ஏ5 வீதிதான், நம் வயல்வெளியில் தொடங்குகிற அதே வீதி. இவ்வளவு காலம் அதன் ஒரு நுனியில் இருந்துகொண்டு மற்றப் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை.

புசல்லாவை ஏன் என்று கேட்டாய். கோப்பிக்காகத்தான். இப்போது பார்க்கிற இடமெல்லாம் தேயிலை, ஆனால் ஒரு காலத்தில் அந்த மலைகள் முழுக்கக் கோப்பி. ரொத்சைல்ட் தோட்டம் அங்கேதான் இருக்கிறது, வோர்ம்ஸ் சகோதரர்கள் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் 1841இல் திறந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஏறிப்போகிற ஒழுங்கையில் ஒரு வீட்டு வாசலில் கோப்பிப் பழம் சாக்கில் காய்ந்துகொண்டிருந்தது. சும்மா நின்று பார்த்தேன், அந்த வீட்டம்மா “தனியாவா வந்தீங்க?” என்று கேட்டு உள்ளே கூப்பிட்டார். நாலு பேராய்ப் போயிருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார், நாங்களும் எங்களுக்குள்ளேயே கதைத்துக்கொண்டு போயிருப்போம்.

வேலியோரம் நின்ற கோப்பிச் செடியில் ஒரு இலையை அவர் திருப்பிக் காட்டினார். மேலே மஞ்சள் புள்ளி மட்டும்தான், அடியில் செம்மஞ்சள் மா. தொட்டதும் விரலில் மிளகாய்த்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டது. இலைத்துரு நோய்! இந்தத் தூள்தான் காற்றிலும் மழையிலும் பரவி இலையை உதிர்க்கிறது, இலை போனால் மரத்துக்குச் சத்து ஏது, காய்ப்பு ஏது? 1869இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்டார்கள், அது நான் பஸ்ஸில் கடந்துவந்த பசறையிலிருந்து பிரிந்து போகிற இடம். இருபது வருடத்துக்குள் இலங்கைக் கோப்பி ஏறக்குறைய முடிந்தது. நோய் வருவதற்குச் சற்று முன்னர், 1867இல், கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை தேயிலை போட்டிருந்ததால் துரைமார் அதற்கு மாறித் தப்பிக்கொண்டார்கள்.

எனக்கு மனதில் நிற்பது துரைமார் கதை இல்லை. கோப்பிக்கு ஆள் தேவை பழம் பறிக்கிற காலத்தில்தான் அதிகம். அதனால் தமிழ்நாட்டிலிருந்து சனம் மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, பருவம் முடியத் திரும்பி நடந்தார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்கவேண்டும், அதனால் குடும்பமாகத் தங்கவேண்டி வந்தது. அப்படித் தங்கினவர்களின் பிள்ளைகள்தான் 1977, 1983 இனக்கலவரங்களில் அடிபட்டு நம் பக்கமும் வந்து குடியேறினார்கள். என் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வந்த வழியை நான் ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்று கனகாலமாக ஆசை.

அந்த அம்மா தந்த கோப்பியில் மல்லியும் இல்லை, சுக்கும் இல்லை. வெறும் கோப்பி, கருப்பட்டித் துண்டோடு. நல்ல கசப்பு, ஆனால் வாய்க்குள் கனநேரம் நின்றது. நான் நம் வீட்டு முறையைச் சொன்னேன், மல்லியை எப்போது போட்டு வறுப்பது என்று விவரமாகக் கேட்டார். பின்னேரம் வரை கதைத்தோம்.

பயப்படாதே. நின்றது ஒரு குடும்பத்தின் வீட்டு அறை, இருட்டமுன் அறைக்குத் திரும்பிவிட்டேன், குளிசையெல்லாம் நேரத்துக்குப் போட்டேன். முழங்கால் மட்டும் இறக்கத்தில் கொஞ்சம் நொந்தது, சரி, அது இங்கேயும் நோகிறதுதானே.

நீ ஏப்ரலில் வரும்போது வானுக்கு முற்பணம் கட்டிவிடாதே. பதுளை பஸ்ஸில் போவோம். லீவை இரண்டு நாள் கூட்டி எடு, ஏனென்றால் புசல்லாவையில் ஒரு நாள் உன்னைத் தனியே விடப்போகிறேன், நீ உன் பாட்டில் சுற்று, நான் என் பாட்டில் போகிறேன். கோப்பித் தூள் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன், பெரியம்மாவின் மகன் வரும்போது கொடுத்துவிடுகிறேன். முதல் தடவை பால் விடாமல் குடித்துப் பார்.

அன்புடன்,
அம்மா