இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஏன் கூப்பிடுகிறோம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் கிளிநொச்சி மென்பொருள் கடைக்கு வந்த அரிசி ஆலை ஐயா ஒருவர், ஒரே கணினிக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் இருவர் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இரண்டு பேருக்கும் என்னட்டையோ காசு?" என்று கேட்டார். ஞாயமான கேள்விதான்.

இருவராய் இருந்து எழுதுவதும், நிரலுக்கு (கணினிக்கு எழுதும் கட்டளைகளுக்கு) முதலே அதைச் சரிபார்க்கும் சோதனையை எழுதி வைப்பதும் 1990களில் அமெரிக்க மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக் வகுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் செய்யும் முறையில் உள்ளவை. காசும் நிறையும் வருகிற இடத்தில் மட்டும் அப்படிச் செய்கிறோம். பட்டுத் தெளிந்ததுதான். முன்பு ஒரு ஆலைக்குச் செய்த மென்பொருளில், வெறும் சாக்கின் நிறையை இரண்டு தரம் கழித்துவிட்டோம்: நெல் வரவில் ஒருக்கா, பற்றுச்சீட்டில் இன்னொருக்கா. கண்டுபிடித்தவர் நெல் கொண்டுவந்த கமக்காரர், சிகரெட் பெட்டி அட்டையில் கணக்குப் போட்டு. இப்போது "நூறு சாக்கு, ஈரம் 14 வீதத்துக்கு மேல், கழிவு எவ்வளவு?" என்பதை விடையோடு முதலே எழுதிவைத்து, அது சரிவந்த பிறகுதான் அடுத்த வேலை. அறிக்கையின் நிறம், எழுத்துக்கெல்லாம் ஒருவர் போதும்.

முடித்ததை இரண்டு கிழமைக்கு ஒருக்கா உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவது, வேலையைச் சிறு சிறு சுற்றாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் என்ற முறையில் எடுத்தது. ஒரு சுற்று ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் விதி. மாதக் கணக்கில் விட்டால் நீங்கள் சொன்னது உங்களுக்கும் மறந்துவிடும், எங்களுக்கும் மறந்துவிடும். தயவுசெய்து அன்றைக்குத் தம்பியை அனுப்பாதீர்கள். ஆலையின் காசுப் பட்டறையில் இருந்து காசு வாங்குபவர் வரவேண்டும். அதே முறையில் நாளுக்கு 15 நிமிடக் கூட்டமும் உண்டு. நாங்கள் நாலு பேர்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

காலபோக அறுவடை தொடங்கினால் ஆலைக்காரரைப் பிடிக்கவே முடியாது. அப்போது சுற்றை நிறுத்திவிட்டு, யப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த கன்பான் அட்டை முறைக்கு (ஒரு வேலைக்கு ஒரு அட்டை) மாறுகிறோம். சுவர்ப் பலகையில் "செய்துகொண்டிருப்பது" என்ற பகுதியில் மூன்று அட்டைக்கு மேல் ஒட்டமாட்டோம். நாலாவது கேட்டால், எதைக் கழற்றுவது என்று உங்களிடமே கேட்போம், கோபிக்க வேண்டாம். தராசு கணினியோடு கதைக்கவில்லை என்றால் மட்டும் கேள்வியில்லை, அதுதான் முதல்.

விலைமனு மூலம் வேலை தரும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முழு வேலைப் பட்டியலும் தொகையும் முதலே எழுதியாக வேண்டும். அங்கே பட்டியல் அசையாது. காட்டும் நாள் மட்டும் இருக்கும்.

தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் வியாழன் அடுத்த முறை காட்டுகிறோம். வரும்போது பழைய பற்றுச்சீட்டுக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். பேனையால் வெட்டித் திருத்திய பக்கங்கள்தான் எங்களுக்கு வேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் மென்பொருள் கடைப் பிள்ளைகள்,
கிளிநொச்சி